பாட்டுக்குப் பின்னால் ஒளியாமல்: ட்ரம் கவர் வாசித்துப் பகிர்ந்து வளர முழுமையான வழிகாட்டி

ஹெட்ஃபோனில் பாட்டை ஓடவிட்டு உடன் வாசிக்கும்போது எல்லாருமே நல்ல ட்ரம்மர்தான். அடியில் உண்மையான ட்ரம்மர் ஒருவர் வாசித்துக்கொண்டே இருக்கிறாரே! நம் கிக் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) கொஞ்சம் பிந்தி விழுந்தாலும் அவருடைய கிக் சரியான இடத்தில் விழுந்துவிடுகிறது. காது அதைக் கேட்டுத் திருப்தியடைந்துவிடுகிறது.

ஒரு பாட்டை நாலைந்து மாதம் இப்படி வாசித்துவிட்டு, கைக்கு வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஃபோனை ஓரமாக வைத்து, ட்ரம்ஸ் சத்தத்தை மட்டும் பதிவு செய்து கேட்டேன். முதல் ஃபில் (பாட்டின் ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது வாசிக்கும் அடுக்கடி) வந்ததும் வேகம் கூடி ஓட்டமெடுத்திருக்கிறேன். அடுத்த இரண்டு பார்களில் (தாளச் சுற்றுகளில்), பாட்டு வந்து சேரட்டும் என்று காத்திருப்பவன்போல் தடுமாறியிருக்கிறேன். ஹை-ஹாட்டோ (காலால் மிதித்து மூடும் ஜோடி உலோகத் தட்டு) தகரக் கூரையில் விழுந்த ஆலங்கட்டி மழை. நான் வாசித்ததாக நினைத்ததற்கும் உண்மையில் வாசித்ததற்கும் இவ்வளவு தூரம் இருந்தது.

கவர், அதாவது வேறொருவரின் பாட்டை நாம் வாசித்துப் பதிவு செய்வது, அந்தத் தூரத்தைக் காட்டுவதற்குத்தான். பார்வையாளர் எண்ணிக்கை, கேமரா கோணம், விளக்கு எல்லாம் அதற்கு அப்புறம். கீழே சொல்லியிருக்கும் வரிசையில் போனால், ஒரு பாட்டுக்கு மூன்று நாலு வாரம் ஆகலாம். அவசரப்பட வேண்டாம்.

முதல் படி: பாட்டைத் தேர்ந்தெடுப்பது

பிடித்த பாட்டைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் அது மட்டும் போதாது. நான் வைத்திருக்கும் கணக்கு இது: பாட்டில் உங்களுக்குப் புதிதாக ஒரே ஒரு விஷயம் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் ஏற்கனவே கைக்குத் தெரிந்ததாக இருக்கட்டும். புதிய விஷயம் மூன்று இருந்தால் மூன்றுமே அரைகுறையாக நிற்கும்.

சுலபம் என்று தோன்றும் பாட்டை ஒதுக்கிவிடவும் கூடாது. மைக்கேல் ஜாக்சனின் 1982ஆம் ஆண்டு ஆல்பத்தில் வரும் ‘பில்லி ஜீன்’ பாட்டுக்கு வாசித்தவர் லியான் ‘என்டுகு’ சான்ஸ்லர். பாரின் நாலு பீட்டில் 1, 3இல் கிக். 2, 4இல் ஸ்நேர் (‘சக்’ என்று ஒலிக்கும் கை ட்ரம்). ஹை-ஹாட்டில் பீட்டுக்கு இரண்டாக நேரான எட்டுகள். அவ்வளவுதான். டெம்போவும் நிமிடத்துக்கு 117 பீட்தான். ஸ்டிக் பிடித்த முதல் மாதத்திலேயே இந்த பீட்டை வாசித்துவிடலாம். ஆனால் ஏறக்குறைய ஐந்து நிமிடம், ஃபில் என்ற ஊன்றுகோல் இல்லாமல், ஒவ்வொரு ஸ்நேரும் ஒரே கனத்தில் விழ வாசித்துப் பதிவு செய்து பாருங்கள். மூன்றாவது நிமிடத்தில் வலது தோள் இறுகுவது தெரியும்.

மறுகோடியில் இருப்பது டோட்டோ குழுவின் ‘ரோசானா’ (1982). ஜெஃப் போர்காரோ வாசித்த அந்த ஹாஃப்-டைம் ஷஃபிளில் (பாதி வேகம்போல் ஒலிக்கும், துள்ளி நடக்கும் தாளம்) ஸ்நேர் ஒன்று பலமாக விழுகிறது, அதைச் சுற்றிக் காதுக்கு எட்டியும் எட்டாமலும் கோஸ்ட் நோட்டுகள் எனும் மெல்லிய அடிகள் ஓடுகின்றன. ஒரே கை ஒரு நொடிக்குள் கிசுகிசுக்கவும் வேண்டும், அதட்டவும் வேண்டும். முதல் வருடத்தில் இதைத் தொடாமலிருப்பதே நல்லது.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பதிவுகளில் பெரும்பாலானவை க்ளிக் (மெட்ரோனோம் கருவியின் சீரான தட்டல்) இல்லாமல் வாசிக்கப்பட்டவை. கோரஸில் கொஞ்சம் ஏறும், அமைதியான இடத்தில் கொஞ்சம் இறங்கும். டெம்போ தட்டிக் கணக்கிடும் ஆப் ஒன்றில் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை தட்டிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பின்னால் க்ளிக் வைத்துத் திருத்துவது எளிது. முதல் இரண்டு மூன்று கவர்களுக்கு அப்படிப்பட்ட பாட்டையே எடுங்கள்.

இரண்டாம் படி: ஸ்டிக்கைத் தொடாமல் கேட்பது

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிக் குதிக்கிறார்கள். நானும் குதித்தவன்தான்.

முதல்முறை கேட்கும்போது ட்ரம்ஸை விட்டுவிட்டு பேஸ் கிட்டாரைக் கேளுங்கள். கிக் எங்கே விழுகிறது என்பதற்கான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். காரணம் தெரிந்துவிட்டால் கிக் வரிசையை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. இரண்டாம்முறை ஒரு தாளில் பாட்டின் வரைபடத்தைப் போடுங்கள். அறிமுகம் 8 பார், சரணம் 16, கோரஸ் 8, நடுவில் இரண்டே பீட் கொண்ட ஒரு ஒற்றை 2/4 பார் ஒளிந்திருந்தால் அதற்கு ஒரு வட்டம். ட்ரம் நொடேஷன் தெரிந்தால் கடினமான இடங்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் கட்டம் போட்டுப் புள்ளி வைத்தாலும் போதும். மூன்றாம்முறை வாயால் சொல்லுங்கள். தும், சக், தும்-தும், சக். வாயில் தடுக்கும் இடம் கையிலும் தடுக்கும், இது ஏறக்குறைய தவறவே தவறாது.

புரியாத ஃபில்லைப் பாதி வேகத்தில் கேட்கலாம். ஒரு பாட்டிலிருந்து ட்ரம்ஸைத் தனியே பிரித்துத் தரும் செயலிகள் இப்போது நிறைய உண்டு. 2019இல் டீசர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ப்ளீட்டர், அப்புறம் டெமக்ஸ், மோய்செஸ் என்று பலர் பயன்படுத்துகிறார்கள். இவற்றால் இரண்டு லாபம். ட்ரம்ஸை மட்டும் கேட்டால் பாட்டில் மூழ்கிக் கிடந்த கோஸ்ட் நோட்டுகள் மேலே வரும். ட்ரம்ஸை மட்டும் நீக்கினால் நீங்கள் வாசிக்க வேண்டிய ட்ராக் கிடைக்கும். பிரித்தெடுத்த ஒலியை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். சிம்பல்கள் தண்ணீருக்குள் அடித்ததுபோல் குழையும், மெல்லிய அடிகள் சில காணாமலும் போகும். சந்தேகம் வந்தால் முழுப் பாட்டுக்கே திரும்பிப் போங்கள்.

எந்தக் கை எதை அடிக்கிறது என்று பார்க்க அந்த ட்ரம்மரின் மேடை வீடியோக்கள் உதவும். மேடையில் அவர் வேறு மாதிரி வாசித்திருப்பதும் சகஜம் என்பதால், கையை மேடையிலும் வரிசையைப் பதிவிலும் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பயிற்சி

பாட்டை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை திரும்பத் திரும்ப வாசிப்பது பயிற்சி ஆகாது. தெரிந்த இடத்தை நாற்பது முறை வாசித்திருப்போம், தெரியாத இடத்தை நாலு முறை தொட்டிருப்போம். வரைபடத்தில் கடினமான இடங்களுக்குக் குறி வையுங்கள். மொத்தமாக ஆறேழு பார்தான் தேறும்.

அவற்றை அசல் டெம்போவில் 60 சதவீதத்தில் தொடங்குங்கள். ஒரு ஃபில்லைத் தனியாக வாசிக்காமல், அதற்கு முந்தின பாரையும் பிந்தின பாரையும் சேர்த்து மூன்று பாராகச் சுற்றி வாசியுங்கள். ஃபில்லுக்குள் போகும் வாசலிலும் வெளியே வரும் வாசலிலும்தான் தவறு நடக்கிறது. தடுமாறாமல் ஐந்துமுறை வந்தால் நிமிடத்துக்கு 4, 5 பீட் ஏற்றலாம்.

ஃபில் ஏன் ஓடுகிறது என்பதை ஒருமுறை எண்ணில் பார்த்துவிடுவது நல்லது. டெம்போ 120 என்றால் ஒரு பீட்டுக்கு 500 மில்லிசெகண்ட்; பீட்டை நாலாகப் பிரிக்கும் பதினாறாம் நோட்டு ஒன்றுக்கு 125. ஒரு முழு பார் ஃபில்லில் 16 அடி. ஒவ்வொரு அடிக்கும் வெறும் 5 மில்லிசெகண்ட் முந்தினால் ஃபில்லை முடிக்கும் க்ராஷ் சிம்பல் விழும்போது 80 மில்லிசெகண்ட் முந்தியிருப்பீர்கள். பதினாறாம் நோட்டில் பாதிக்கும் மேல்! வாசிக்கும்போது அந்த 5 தெரியவே தெரியாது, கடைசியில் 80 தெரியும். ஃபில் வாசிக்கும்போது இடது காலால் ஹை-ஹாட்டை ஒவ்வொரு பீட்டிலும் மிதித்துக்கொண்டே இருங்கள். எனக்கு இதைவிட நல்ல மருந்து கிடைக்கவில்லை.

அடுத்த கட்டமாக மெட்ரோனோமின் உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். முதலில் எல்லா பீட்டிலும் க்ளிக், பிறகு 2, 4இல் மட்டும், அப்புறம் இரண்டு பார் ஒலித்து இரண்டு பார் மௌனம். அந்த மௌனத்துக்குப் பிறகு க்ளிக் திரும்பி வரும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்களோ அதுதான் உங்கள் காலப்பிரமாணம். கடைசியாக, பாட்டே இல்லாமல், மனதுக்குள் பாடிக்கொண்டு முழுப் பாட்டையும் க்ளிக்குக்கு வாசியுங்கள். இது முடிந்தால்தான் பதிவுக்குத் தயார்.

ஒரு கேள்வி அடிக்கடி வரும்: அச்சு அசலாக வாசிக்க வேண்டுமா, சொந்தச் சரக்கைச் சேர்க்கலாமா? முதலில் அசலை அப்படியே வாசித்து ஒரு பதிவு எடுங்கள். கடினமான இடம் வரும்போது மட்டும் நமக்குச் ‘சொந்தக் கற்பனை’ பொங்கி வருவதை நான் என்னிடமே பார்த்திருக்கிறேன். அது கற்பனை இல்லை, தப்பித்தல். அசல் வந்தபிறகு இஷ்டம்போல் மாற்றுங்கள்.

காதைப் பற்றி ஒரு வார்த்தை. 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்வரை இருக்கலாம்; அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. இது அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் வைத்திருக்கும் வரம்பு. அந்தக் கணக்கில் 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடம்தான். மூடிய அறையில் ட்ரம் செட் அந்த அளவை எளிதாகத் தாண்டும். சாதாரண இயர்ஃபோன் போட்டு, ட்ரம்ஸை மீறிக் கேட்பதற்காகப் பாட்டின் சத்தத்தைக் கூட்டினால் காதுக்கு இரட்டை அடி. வெளிச்சத்தத்தைத் தடுக்கும் மூடிய ஹெட்ஃபோன் வாங்குங்கள். முடியாவிட்டால் இயர்ஃபோனின் மேல் தொழிற்சாலைகளில் போடும் காதுக் கவசத்தை மாட்டிக்கொள்ளுங்கள். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும்.

நாலாம் படி: பதிவு

ஃபோன் போதும். உண்மையாகவே போதும், முதல் ஐந்தாறு கவர்களுக்கு. சிம்பலுக்குப் பக்கத்தில் வைக்காமல், செட்டுக்கு முன்னால் இரண்டு மீட்டர் தள்ளி, நெஞ்சளவு உயரத்தில் வையுங்கள். ஃபோனின் கேமரா செயலி சத்தத்தைத் தானாக ஏற்றி இறக்கும். அப்போது உங்கள் மெல்லிய அடியும் பலமான அடியும் ஒன்றுபோல் கேட்கும். திருத்திக்கொள்ள நினைப்பவருக்கு அது பெரிய நஷ்டம். ஒலி அளவைக் கையால் குறைக்கவிடும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மைக் வாங்கும் நாள் வந்தால் முதலில் இரண்டு: கிக்குக்கு ஒன்று, தலைக்கு மேல் ஒன்று. நாலு மைக் ஆனால், ஒலிப்பதிவாளர் க்ளின் ஜான்ஸ் பெயரால் அறியப்படும் முறையைப் பாருங்கள். கிக்குக்கும் ஸ்நேருக்கும் ஆளுக்கொன்று. மூன்றாவது ஸ்நேருக்கு மேலே, நாலாவது ஃப்ளோர் டாம் (தரையில் நிற்கும் பெரிய டாம் ட்ரம்) பக்கத்திலிருந்து ஸ்நேரைப் பார்த்து. இந்த இரண்டும் ஸ்நேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், ஒரு கயிற்றால் அளந்து வையுங்கள். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகிறது. தூரம் வேறுபட்டால் ஒரே அடி இரண்டு மைக்குக்கும் வேறு வேறு நேரத்தில் போய்ச் சேர்ந்து ஒன்றையொன்று தின்றுவிடும், ஸ்நேர் சவசவத்துப் போகும்.

மைக்கைவிட அறையும் ட்ரம்மின் தோலும் முக்கியம். லெட் செப்பெலினின் ‘வென் த லெவி ப்ரேக்ஸ்’ (1971) பாட்டில் ஜான் பானமின் ட்ரம்ஸ் இடிபோல் கேட்பதற்குக் காரணம், செட்டை ஒரு பழைய மாளிகையின் கூடத்தில் வைத்து, மாடிப்படியின் மேலிருந்து தொங்கவிட்ட மைக்குகளில் பதிவு செய்ததுதான். உங்கள் அறை சின்னதாக, எதிரொலியாக இருந்தால் சுவரில் கனத்த போர்வை தொங்கவிடுங்கள். தளர்ந்த தோலை மாற்றிச் சுருதி கூட்டுங்கள். அதை எந்த மைக்காலும் சரிசெய்ய முடியாது.

எலக்ட்ரானிக் செட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒலியோடு மிடியையும் (அடிகளை ஒலியாக இல்லாமல் தகவலாகச் சேமிக்கும் முறை) பதிவு செய்தால் ஒவ்வொரு அடியின் நேரமும் பலமும் எண்ணாகவே கிடைத்துவிடும். எந்தச் செட்டானாலும் ப்ளூடூத் ஹெட்ஃபோனில் பாட்டைக் கேட்டு வாசிக்காதீர்கள். அதில் ஒலி பத்தில் ஒரு நொடிக்கும் மேல் பிந்தி வருவது சாதாரணம்.

சில சின்ன விஷயங்கள்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். பலமான அடியே அளவுகோலில் மைனஸ் 10 டெசிபெல்லைத் தாண்டாமல் இருக்கட்டும். தொடக்கத்தில் கேமராவுக்குத் தெரிய இரண்டு ஸ்டிக்குகளையும் ஒருமுறை தட்டுங்கள்; பின்னால் படத்தையும் ஒலியையும் பொருத்த அந்தச் சத்தம்தான் அடையாளம். நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் 33 மில்லிசெகண்ட், ட்ரம்ஸில் இரண்டு ஃப்ரேம் விலகினாலே கண்ணுக்கு உறுத்தும்.

பதிவுப் பொத்தானை அழுத்தியதும் கை நடுங்கும், பரவாயில்லை. ஒரு உட்காரலில் மூன்று முழு டேக் (பதிவு முயற்சி) மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது நடுக்கத்தில் போகும், இரண்டாவது யோசனையில் போகும், மூன்றாவது பெரும்பாலும் பிழைக்கும். நாலு நல்ல டேக்குகளை வெட்டி ஒட்டி ஒன்றாக்குவதோ, பிந்திய அடிகளைக் கணினியில் இழுத்து நேராக்குவதோ வேண்டாம். விளம்பரத்துக்கு வாசிப்பவர்கள் செய்துகொள்ளட்டும். நீங்கள் எதைத் தெரிந்துகொள்ள வந்தீர்களோ, அதைத்தான் அந்த வெட்டு மறைக்கும்.

ஐந்தாம் படி: பாட்டை அணைத்துவிட்டுக் கேட்பது

இந்த ஒன்றைச் செய்யாமல் கவர் போடுபவர்கள் வருடம் முழுக்கப் போட்டாலும் அதே இடத்தில்தான் நிற்பார்கள்.

ஒருநாள் ஆறவிடுங்கள். பிறகு பாட்டை முழுக்க அணைத்துவிட்டு, உங்கள் ட்ரம்ஸை மட்டும் கேளுங்கள். கேட்பவருக்கு இது என்ன பாட்டு, இப்போது கோரஸ் வந்துவிட்டது என்று ட்ரம்ஸிலிருந்தே தெரிகிறதா? சரணத்துக்கும் கோரஸுக்கும் கனம் மாறுகிறதா, அல்லது ஒரே மட்டமா?

அடுத்து க்ளிக்கைச் சேர்த்துக் கேளுங்கள். கணினியில் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, ஸ்நேர் அடிகள் கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகின்றன என்று பாருங்கள். இதில் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. எல்லா ஸ்நேரும் கோட்டுக்கு 15 மில்லிசெகண்ட் பின்னால் ஒரே சீராக விழுந்தால் அது தவறு அல்ல, சாய்ந்து உட்கார்ந்து வாசிக்கும் ஒரு க்ரூவ். ஒன்று 15 முன்னால், அடுத்தது 20 பின்னால் என்று சிதறினால்தான் கவலைப்பட வேண்டும்.

மூன்றாவது, சத்தத்தின் பங்கீடு. புதியவர்கள் பத்துப் பேரின் பதிவைக் கேட்டால் எட்டுப் பேரிடமாவது ஹை-ஹாட் ஓங்கியும் கிக் ஒடுங்கியும் இருக்கும். மிக்ஸிங்கில் சரிசெய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஸ்நேர் மைக்குக்குள்ளேயே ஹை-ஹாட் புகுந்திருக்கும், ஸ்நேரை ஏற்றினால் அதுவும் கூடவே ஏறும். கையால்தான் குறைக்க வேண்டும்.

கடைசியாக ஒலியை அணைத்துப் படத்தை மட்டும் பாருங்கள். தோள் காதுவரை ஏறியிருக்கிறதா, ஃபில்லுக்கு முன் மூச்சைப் பிடிக்கிறீர்களா, க்ராஷை எட்டிப் பிடிக்க உடம்பே சாய்கிறதா? எனக்கு ஓடிய அந்த ஃபில்லின் காரணம் இப்படித்தான் தெரிந்தது. இரண்டாவது டாமை வைத்திருந்த இடம் தூரம். கை அங்கே நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே என்ற பதற்றத்தில் அதற்கு முந்தின நாலு அடியும் முண்டியடித்திருக்கின்றன. டாமை ஒரு சாண் பக்கத்தில் இழுத்தேன், பாதிப் பிரச்சினை போய்விட்டது.

கண்ட குறைகளில் மூன்றை எழுதுங்கள். அடுத்த கவருக்குள் சரிசெய்ய ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஆறாம் படி: பகிர்வது

மிக்ஸிங்கில் அதிகம் மெனக்கெட வேண்டாம். ட்ரம்ஸ் பாட்டைவிட லேசாக முன்னால் நிற்கட்டும். யூடியூப் சத்தமான வீடியோக்களை ஏறக்குறைய மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குத் தானே இறக்கிவிடுகிறது, ஆகையால் நெருக்கிப் பிழிந்து சத்தம் கூட்டுவதில் லாபமில்லை.

காப்புரிமையைத் தெரிந்துகொண்டு ஏற்றுங்கள். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன: இசையமைப்பு ஒன்று, அந்தப் பதிவு இன்னொன்று. அசல் பாட்டின் மேல் வாசித்துப் போடும் ட்ரம் கவர் இரண்டையுமே தொடுகிறது. யூடியூபில் 2007 முதல் இருக்கும் கன்டென்ட் ஐடி உங்கள் வீடியோவில் அந்தப் பாட்டைத் தானாகவே கண்டுபிடித்துவிடும். பிறகு உரிமையாளரின் விருப்பம்: விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், சும்மா கவனித்துக்கொண்டிருக்கலாம், சில நாடுகளில் அல்லது எல்லா நாடுகளிலும் வீடியோவைத் தடுக்கலாம். இந்த உரிமைக்கோரலும் காப்புரிமை ஸ்ட்ரைக்கும் (விதிமீறலுக்குச் சேனல்மேல் விழும் கரும்புள்ளி) ஒன்றல்ல. கோரலால் பொதுவாகச் சேனலுக்கு ஆபத்தில்லை. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வந்தால் சேனலே மூடப்படலாம். முதலில் தனிப்பட்ட வீடியோவாக ஏற்றி, சோதனையில் என்ன வருகிறது என்று பார்த்துவிட்டுப் பொதுவில் விடுங்கள். பணம் வரும் என்ற எண்ணத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவது நிம்மதி. விளக்கத்தில் பாட்டின் பெயரோடு அசலில் வாசித்த ட்ரம்மரின் பெயரையும் போடுங்கள், பலர் மறந்துவிடுகிறார்கள்.

பொதுவில் போடும் முன் நம்பிக்கையான இரண்டு மூன்று பேருக்கு அனுப்புங்கள். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “சூப்பர்” என்றுதான் பதில் வரும். அதனால் என்ன பயன்? “2:10இல் வரும் ஃபில் முந்துகிறதா? இரண்டாவது கோரஸில் கிக் கேட்கிறதா?” என்று நேரத்தைக் குறித்துக் கேளுங்கள். ஒருவராவது ட்ரம்மர் அல்லாதவராக, முடிந்தால் பேஸ் வாசிப்பவராக இருக்கட்டும். நமக்குப் பக்கத்தில் நின்று கஷ்டப்படப் போகிறவர் அவர்தான்.

அந்நியர்களின் கருத்துகளில் ஒருவர் மட்டும் சொல்வதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கொருவர் தெரியாத மூன்று பேர் ஒரே குறையைச் சொன்னால் பேசாமல் பயிற்சிக்கான ரப்பர் பேடை எடுத்து உட்காருங்கள். வெறும் வசவை நீக்கிவிடலாம். யாருமே பார்க்கவில்லையா? அதுவும் பரவாயில்லை. பகிர்வதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் கெடு. மாதக் கடைசி ஞாயிறு ஒன்று போட வேண்டும் என்று வைத்துக்கொண்ட பிறகுதான், பாதியில் விட்ட பாட்டுகளின் குவியல் குறைந்தது.

பழைய கவர்களை வெட்கப்பட்டு அழிக்காதீர்கள். ஒரு வருடம் கழித்து அதே பாட்டை, பழைய பதிவைக் கேட்காமல், புதிதாக வாசித்துப் பதியுங்கள். பிறகு இரண்டு ட்ரம்ஸ் ட்ராக்குகளையும் அடுத்தடுத்து ஓடவிடுங்கள். முதலில் சொன்னேனே, நாலைந்து மாதம் ஏமாந்த பாட்டு, அதை இப்படி இரண்டாம்முறை வாசித்தேன். ஃபில் இப்போது இடத்தில் நிற்கிறது. ஹை-ஹாட் மட்டும் இன்னும் கொஞ்சம் சத்தம்தான்.